சுவர் ஊர்ந்ததா, கண் ஊர்ந்ததா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோவையில் நெடுநாள் மூடிக் கிடந்த ஒரு மில்லின் பஞ்சுக் குடோனில் சென்ற மாதம் பத்து நாள்கள் ஒரு சோதனைக் கலைக் கண்காட்சி நடந்தது. நான்கு அறைகள். முதலாவதில் கருப்பு வெள்ளைக் கோடுகளால் நிறைந்த பெரிய ஓவியங்கள். இரண்டாவதில் சுழலும் சுருள் தட்டுகள். மூன்றாவதில் கண்களை மூடிக்கொண்டு துடிக்கும் வெளிச்சத்தின் முன் உட்காரும் நாற்காலிகள். நான்காவதில் ஒரே நிற ஒளியும் மெல்லிய புகையும் நிறைந்த, சுவரும் மூலையும் தெரியாத வெற்றறை. பார்த்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை எழுதுமாறு இந்தப் பகுதியில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் வியப்பும் புகாரும் ஏறக்குறைய சரிபாதியாக இருந்தன. சிலர் தங்கள் உடல்நிலையைப் பற்றியும் எழுதியிருப்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

ஓர் ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்:
முதல் அறையில் கோட்டோவியத்தின் முன் நின்ற சில நொடிகளிலேயே கோடுகள் நெளியத் தொடங்கின. ஓரங்களில் இளஞ்சிவப்பும் பச்சையும் தெரிந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது. உடன் வந்த தோழியோ, “வெறும் கோடுதானே” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். என் கண்ணில் கோளாறா, அவருக்கு ரசனை இல்லையா?

இரண்டும் இல்லை. ஒரு புள்ளியை அசையாமல் உற்றுப் பார்ப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதும் விழி அசையாமல் இருப்பதில்லை. நொடிக்கு ஓரிரு முறை, நமக்கே தெரியாத சிறிய அளவில் துள்ளிக்கொண்டே இருக்கிறது. மரம், மனிதர், வாசல் என்று இயல்பான காட்சியைப் பார்க்கையில் மூளை இந்தத் துள்ளலைக் கணக்கில் கழித்துவிடுகிறது. கருப்பும் வெள்ளையும் நெருக்கமாக மாறி மாறி வரும் பரப்பில் அந்தக் கழித்தல் கைகொடுப்பதில்லை: முந்தைய கணத்தில் பதிந்த கோட்டின் எச்சம், இப்போது விழும் கோட்டின்மேல் சற்றே விலகிப் படிகிறது, அந்த விலகல் நெளிவாகவும், சில சமயம் இல்லாத நிறமாகவும் தெரிகிறது. இதற்கான விளக்கத்தில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு உண்டு. சிலர் விழியசைவுக்கு முதலிடம் தருகிறார்கள், சிலர் மூளையின் பார்வைப் பகுதிக்கே பெரும் பங்கு என்கிறார்கள்.

ஆனால் எந்தக் கோடு அதிகம் தொந்தரவு செய்யும் என்பதில் வழக்கில்லை. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பிடியுங்கள். அந்த விரலின் அகலத்துக்குள் ஐந்தாறு கருப்புக் கோடுகள் அடங்கும் நெருக்கம்தான் கண்ணை மிக அதிகமாகப் படுத்தும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இத்தகைய கோடுகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக உறுத்தும் என்பதும் தெரிந்த செய்தி. உங்களுக்கு அந்தத் தலைவலி உண்டா, தோழி எத்தனை அடி தள்ளி நின்றார் என்ற இரண்டையும் எழுதியிருந்தால் பதிலை இன்னும் திருத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் இருவருக்கும் நேர்ந்தது அறுபது ஆண்டுப் பழைய கதை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1965 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ‘ஆப் ஆர்ட்’ என்று பத்திரிகைகள் பெயரிட்டிருந்த இந்த வகைக் கலைக்கு ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. இங்கிலாந்து ஓவியர் பிரிஜெட் ரைலி 1964-இல் வரைந்த அலைக்கோட்டு ஓவியம் ஒன்று அதில் பெரும் பேச்சாக இருந்தது. கூட்டம் அலைமோதியது, தலைசுற்றுகிறது என்றவர்களும் இருந்தார்கள், விமரிசகர்களில் பலர் இதைக் கண்கட்டு வித்தை என்று ஒதுக்கினார்கள். அவர்களும் தங்களுக்குப் பட்டதைத்தான் சொன்னார்கள். உங்கள் தோழியையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தறிக்காரர், பவானி:
பிறந்ததிலிருந்து ஜமக்காளக் கோட்டுக்குள்ளேயே வாழ்கிறோம். அதில் எங்களுக்கு ஒருநாளும் மயக்கம் வந்ததில்லை. சுவரில் மாட்டிய கோட்டுக்கு மட்டும் ஏன் வருகிறது?

பவானி ஜமக்காளத்தின் பட்டைகள் அகலமானவை. சிவப்பு, பச்சை, நீலம் என்று அடுத்தடுத்து வரும் நிறங்களுக்கு இடையே கண் தங்க இடம் இருக்கிறது. போதாக்குறைக்கு நாம் அதை விரித்து உட்காருகிறோம். மேலே ஆள் இருக்கிறார், ஓரம் மடிந்திருக்கிறது, குழந்தை தவழ்கிறது. கட்டைவிரலுக்குள் ஆறு கோடு என்ற கணக்குக்கும் ஜமக்காளத்துக்கும் வெகுதூரம்.

உங்கள் வீட்டிலேயே அந்த மயக்கத்துக்கு அருகில் வரக்கூடிய ஒன்று இருக்கிறது. மெல்லிய வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து வெயிலுக்கு எதிரே பிடித்து, மேல் மடிப்பை மட்டும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒரு மடிப்பின் பாவும் ஊடையும் மற்றதன் பாவோடும் ஊடையோடும் மயிரிழை விலகி உட்காரும்போது, துணியில் எங்கும் இல்லாத பெரிய அலைகள் தண்ணீர்போல ஓடும். மடிப்பை நூலளவு நகர்த்தினால் அலை ஒரு சாண் நகரும். முதல் அறையின் இடதுபுறச் சுவரில், இரண்டு கண்ணாடித் தகடுகளை முன்னும் பின்னுமாக வைத்துச் செய்திருந்த படைப்பின் முழு இரகசியமும் இதுதான். நாம் நடக்க நடக்க அலை ஓடியதற்கு அதில் மோட்டார் எதுவும் இல்லை. தறிக்காரர் ஒருவர் அதை முதலில் கண்டுபிடித்திருப்பார் என்று நினைத்தேன். நீங்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்குச் சிறிய ஏமாற்றம்.

ஒரு பின்னலாடை வடிவமைப்பாளர், திருப்பூர்:
அந்தக் கோட்டோவியங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். டி-ஷர்ட்டில் அச்சிட்டால் நன்றாகப் போகும். தவறா?

தவறுதான். படைத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஓவியருக்குரிய உரிமை அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை தொடரும். 1965-இலேயே இது நடந்திருக்கிறது: ரைலியின் ஓவியம் ஒன்றை வாங்கி வைத்திருந்த ஆடை உற்பத்தியாளர் அதைப் பார்த்து உடைகள் தைத்து வெளியிட்டார், கண்காட்சிக்காக நியூயார்க் வந்திறங்கிய ரைலி கடைச் சன்னல்களில் தம் கோடுகளைக் கண்டு மனம் கசந்து வழக்குவரை யோசித்தார். உடை விற்றுப் பழகிய கண்ணுக்கு ஓவியமும் உடைத்துணியாகத்தான் தெரியும் என்பதே அவருடைய வருத்தத்தின் சாரம். பனியன் ஊர்க்காரரான உங்களிடம் இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

ஓர் அரசு ஊழியர், ஈரோடு:
சுழலும் சுருள் தட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் நின்ற என் மனைவியின் முகம் ஊதிப் பெருகிக்கொண்டே போனது. “என்னங்க அப்படிப் பாக்கறீங்க?” என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லத் துணிவு வரவில்லை. இது எவ்வளவு நேரம் நீடிக்கும்?

நீங்கள் துணிவைத் திரட்டுவதற்குள் மறைந்திருக்கும். பெரும்பாலோருக்குச் சில நொடிகள், மிஞ்சினால் கால் நிமிடம். தட்டு உள்நோக்கிச் சுருங்குவதுபோலச் சுழன்றிருக்க வேண்டும். எதிர்ப்புறமாகச் சுழன்றிருந்தால் முகம் சிறுத்துக்கொண்டே போயிருக்கும். இரண்டில் எதை வீட்டில் சொல்வது பாதுகாப்பானது என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

மூளையில் ஒவ்வொரு திசை அசைவுக்கும் தனித்தனி அணுக்கள் உண்டு. ஒரே திசையை நெடுநேரம் பார்த்தால் அந்தத் திசைக்குரியவை களைத்துப்போகும். பார்வையை நிலையான பொருளின்மேல் திருப்பியதும் களைக்காத எதிர்த்திசை அணுக்களின் குரல் ஓங்கிவிடும். இதைக் காண நுழைவுக்கட்டணம் வேண்டியதில்லை. கொடிவேரி அணையில் விழும் தண்ணீரை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கல்லைப் பாருங்கள்; கல் மேலே ஏறும். ஸ்காட்லாந்தின் ஓர் அருவியில் இதையே கண்டு இராபர்ட் ஆடம்ஸ் என்பவர் 1834-இல் எழுதிவைத்தார்.

சுருள் தட்டைக் கலையாக்கியவர்களில் முன்னோடி பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப். கிராமபோனில் வைத்துச் சுழற்றும்படி அச்சிட்ட வட்டத் தட்டுகளை அவர் 1935-இல் பாரீசில் நடந்த கண்டுபிடிப்பாளர் பொருட்காட்சியில் ஒரு சிறு கடை போட்டு விற்க உட்கார்ந்தார். பக்கத்துக் கடைகளில் கூட்டம். இவரிடம் வாங்க ஏறக்குறைய எவரும் இல்லை. பார்வையாளர் கருத்து என்று நாம் இப்போது படிவத்தில் எழுதி வாங்குவதை அவர் நாள் முழுவதும் நேரிலேயே பெற்றிருக்கிறார்.

ஒரு லேத் பட்டறைத் தொழிலாளர், கணபதி, கோவை:
கண்ணை மூடி உட்காரும் நாற்காலியில் எனக்குத் தேன்கூடு, சுரங்கம், சுழலும் சிலந்தி வலை எல்லாம் வண்ண வண்ணமாகத் தெரிந்தன. எதிரே இருந்தது வெறும் வெள்ளை விளக்கு என்று பிறகு சொன்னார்கள். எங்கள் பட்டறையில் டியூப்லைட் வெளிச்சத்தில், வேலைப்பொருளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற சக் நிற்பதுபோலத் தெரியும்; அதுவும் இதுவும் ஒன்றா?

இந்த மாதம் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் ஒன்றல்ல.

முதலில் உங்கள் சக். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய செம்புச் சோக்கு போட்ட டியூப்லைட் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை, ஆக நொடிக்கு 100 முறை வெளிச்சம் ஏறி இறங்கும். நாலு ஜா (தாடை) சக் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் நொடிக்கு 25 சுற்று. நான்கு தாடைகள் என்பதால் நொடிக்கு 100 முறை சக் தன் பழைய தோற்றத்துக்கே வந்து நிற்கும். விளக்கு ஒளிரும்போதெல்லாம் ஒரு தாடையின் இடத்தில் அடுத்த தாடை இருக்கும். ஓடுவது நிற்பதாகத் தெரிந்து கைவைத்தவர்களின் விரல் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்து விளக்குகளை வெவ்வேறு பேஸில் இணைப்பதும் எலக்ட்ரானிக் சோக்குக்கு மாறுவதும் இதனால்தான். இங்கே நடப்பது கணக்கு: வெளியே இரண்டு வேகங்கள் பொருந்திவிட்டன, கண் அப்பாவி.

நாற்காலியில் நடந்தது உள்ளே. நொடிக்கு 100 துடிப்பைக் கண் தொடர்ந்த வெளிச்சமாகவே எடுத்துக்கொள்ளும். துடிப்பை ஏறத்தாழ 8 முதல் 13 வரை குறைத்தால், கண்மூடி ஓய்ந்திருக்கும் மூளையின் சொந்த மின்னலைத் தாளத்தோடு அது மோதுகிறது. இமை வழியே ஒரே சிவப்பாக வெளிச்சம் துடிக்கிறது, பார்க்க உருவம் எதுவும் இல்லை. பார்வைப் பகுதியோ தாளத்துக்கு ஆடத் தொடங்கி, தன் இணைப்புகளின் அமைப்பையே உருவமாக வரைந்துகொள்கிறது. உளவியலாளர் ஹைன்ரிக் க்ளூவர் 1920-களில் மாயத்தோற்றங்களைத் தொகுத்து, அவை பெரும்பாலும் நான்கு அச்சுகளுக்குள் அடங்குகின்றன என்று காட்டினார்: தேன்கூடு போன்ற வலைச்சட்டம், சிலந்தி வலை, சுரங்கம், சுருள். நான்கில் மூன்றை நீங்கள் பட்டியல் பார்க்காமலே எழுதியிருக்கிறீர்கள். ஏன் இந்த நான்கு என்பதற்கு, பார்வைப் பகுதியின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையிலிருந்து எர்மென்ட்ரௌட்டும் கோவனும் 1979-இல் கணித விளக்கம் தந்தார்கள்.

கண்டவர்களின் வரிசை இன்னும் பழையது. செக் நாட்டு யான் புர்க்கின்யே, சூரியனுக்கு எதிரே கண்ணை மூடிக்கொண்டு விரித்த விரல்களை முகத்தின் முன் ஆட்டியபோது தெரிந்த கட்டங்களை 1819-இல் பதிவு செய்தார். 1958 டிசம்பரில் பிரையன் கைசின் என்ற ஓவியர் பிரான்சின் மார்சேய் அருகே பேருந்தில் கண்மூடிச் சாய்ந்திருக்க, சாலையோர மரங்களுக்கு இடையே மாலை வெயில் வெட்டி வெட்டி விழுந்து அவருக்கு வண்ண வெள்ளம் பெருகியது. நண்பர் இயன் சோமர்வில் அதற்குக் கருவி கண்டுபிடித்தார்: பக்கங்களில் துளைகள் வெட்டிய அட்டை உருளை, உள்ளே தொங்கும் ஒரு பல்பு, கீழே நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் கிராமபோன் தட்டு. நீங்கள் உட்கார்ந்த நாற்காலி அந்த ‘ட்ரீம்மெஷின்’ வழிவந்தது.

நம்மூர்ச் சாலைகளில் இது நேருமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பதினாறரை மீட்டர். பொள்ளாச்சித் தென்னை 25 அடிக்கு ஒன்று. ஓரத்து வரிசையை மட்டும் எடுத்தால் நொடிக்கு இரண்டு நிழல்தான், போதாது. மேட்டுப்பாளையம் பக்கத்துப் பாக்குத் தோப்பு 9 அடிக்கு ஒன்று என்று வைத்தால் நொடிக்கு ஆறு. எல்லைக்கு அருகில் வந்துவிடுகிறது. சன்னலோரம் உட்கார்ந்தவர் மட்டும் பரிசோதிக்கலாம், ஓட்டுநர் கூடாது.

ஒரு தாய், பல்லடம்:
என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். துடிக்கும் விளக்கு அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான், நாற்காலிக்குப் பின்னால் சிறிய எழுத்தில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் பார்த்தேன். இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. புகார் சொன்னதற்கு, “ஒன்னும் ஆகலீல்லங்க” என்று சிரித்தார்கள். நான் அதிகமாகப் பயந்துவிட்டேனா?

இல்லை அம்மா. உங்களிடம் சிரித்தவர்கள்தான் பயந்திருக்க வேண்டும். வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கு வெளிச்சத் துடிப்பே வலிப்பைத் தூண்டும். சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் இது கூடுதல். நொடிக்கு 3 முதல் 30 வரையிலான துடிப்பு ஆபத்தான எல்லை. கண்காட்சியின் விளக்கு அதன் நடுவில் இருந்தது. 1997 டிசம்பர் 16-ஆம் நாள் ஜப்பானில் ‘போக்கிமான்’ தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி மின்னியபோது, 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை. எனவே “எங்க வீட்ல யாருக்கும் அது இல்லீங்க” என்பவர்களும் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இப்படிப்பட்ட வெளிச்சம் எதிர்பாராமல் எதிர்ப்பட்டால் கண்களை மூடுவது பயன்படாது. இமை வழியே துடிப்பு உள்ளே போகும், நாற்காலியின் வித்தையே அதுதான். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதே உடனடி வழி. இரண்டு கண்களிலிருந்தும் சேர்ந்து போகும் தூண்டல் பாதியாகக் குறையும். யாருக்கேனும் வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவியைத் திணிக்கவோ வாயில் எதையும் வைக்கவோ கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

அமைப்பாளர்களுக்கு ஒரு சொல். எச்சரிக்கை நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில், தமிழில், நின்று படிக்கும் அளவில் இருக்க வேண்டும். அறை வாசலில் ஓர் ஆள் நின்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பலகை மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2018-இல் போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில், தரையில் வட்டக் கரும்புள்ளி வரைந்ததுபோலத் தோன்றும் சிற்பி அனிஷ் கபூரின் படைப்பில், எச்சரிக்கை இருந்தும் ஒருவர் இரண்டரை மீட்டர் பள்ளத்தில் விழுந்தார். கண்ணை ஏமாற்றுவதற்கென்றே செய்த பொருளின் முன், கண்ணால் படிக்கும் பலகையை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது.

ஒரு தந்தை, பெருந்துறை:
கல்லூரியில் படிக்கும் என் மகள், “போதை ஏறுன மாதிரியே இருந்துச்சுப்பா” என்று மகிழ்ச்சியோடு சொல்கிறாள். எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

உங்கள் கலக்கம் நியாயமானது, ஆனால் குற்றவாளி வேறு. 1960-களின் சான் பிரான்சிஸ்கோ இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளுக்கும் போதைப்பொருளுக்கும் தொடர்பு இருந்தது உண்மை. அங்கேயும் எழுத்து அதிர்வதுபோலத் தெரிந்ததற்குக் காரணம் நிறத்தேர்வுதான்: பிரகாசத்தில் சமமாகவும் நிறத்தில் எதிராகவும் உள்ள இரண்டை ஒட்டிவைத்தால் எல்லைக்கோடு நடுங்கும். அந்தச் சுவரொட்டி ஓவியர்களுள் ஒருவரான விக்டர் மொஸ்கோசோ, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்சிடம் நிறப்பாடம் முறையாகப் படித்தவர். உங்கள் மகளின் இரத்தத்தில் எதுவும் கலக்கவில்லை. விளக்கை அணைத்தால் காட்சியும் அணைந்துவிடும். ஒரு பொருளும் உட்கொள்ளாமல் அதே தேன்கூட்டைக் காண முடிகிறதென்றால் போதைக்கு அந்த அளவுக்குப் பெருமை குறைகிறது என்று நான் வாதிடுவேன். அதை அவளிடம் நீங்களும் வாதிடலாம். சொல்ல வந்த மகளை முகம் சுளித்துத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும்.

ஒரு கல்லூரி மாணவர், பொள்ளாச்சி:
நிறப் புகை அறையில் முதலில் ஊதா தெரிந்தது. சிறிது நேரத்தில் நிறமே போய்ச் சாம்பலானது. நான் நிற்கிறேனா மிதக்கிறேனா என்று புரியவில்லை. ஐந்து நிமிடம் என்று நினைத்தேன், இருபது நிமிடம் ஆகியிருந்தது. என் நண்பன் இதை தியான நிலை என்கிறான். ஏற்கலாமா?

பார்வைப் புலம் முழுவதும் ஓரமோ மாற்றமோ இல்லாமல் ஒரே சீராக இருந்தால் மூளைக்குச் செய்தி இல்லை. மாறாத செய்தியை அது சிறிது நேரத்தில் கைவிட்டுவிடுகிறது, நிறம் வடிகிறது. ஜெர்மானிய உளவியலாளர் மெட்ஸ்கர் 1930-களில் ஆராய்ந்த இந்நிலைக்கு ‘கான்ஸ்ஃபெல்ட்’ என்று பெயர்; ‘முழுப்புலம்’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். உளவியல் படித்துவிட்டுக் கலைக்கு வந்த ஜேம்ஸ் டரல் இதையே அறைகளாகக் கட்டினார். 1980-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவருடைய ஒளியைச் சுவர் என்று நம்பிச் சாய்ந்தவர்கள் விழுந்து அடிபட்டு வழக்குத் தொடுத்தார்கள். நீங்கள் மிதந்ததற்கும் அவர்கள் விழுந்ததற்கும் காரணம் ஒன்றே: தொலைவைச் சொல்ல ஒரு மூலைகூட இல்லை.

தியானமா என்பதை நண்பர்தான் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தவர் சொல்லும் சொல்லை இருபது நிமிடப் புகைக்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதே அறையில் என் பின்னால் நின்ற நடுவயதுக்காரர் ஒருவர் இரண்டே நிமிடத்தில், “கதவு எங்கீங்க?” என்று குரல் உடைந்து கேட்டதையும் நான் கேட்டேன். அவருக்கு அது தியானம் அல்ல. இருவருக்கும் ஒரே புகை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரூர்:
இவையெல்லாம் நம் சிற்பிகள் அறியாதவையா? கோயில் சிற்பத்தில் இல்லாத எதை இவர்கள் புதிதாகக் காட்டிவிட்டார்கள்?

ஐயா, தாராசுரத்து ரிஷப குஞ்சரத்தை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். ஒரே தலை, இடப்புற உடலோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விலங்கு, வலப்புற உடலோடு பார்த்தால் இன்னொன்று. அது உயர்ந்த வித்தை. ஆனால் அங்கே ஆடுவது பொருள்: யானை என்று அறிந்த மனம் காளை என்றும் அறிகிறது, இரண்டையும் ஒருசேர அறிய முடியாமல் திகைக்கிறது. குடோனில் இருந்த கோடுகளுக்குப் பொருளே இல்லை; அவை பொருளுக்கு முந்திய இடத்தில், வெறும் பார்வையில் கைவைக்கின்றன. பேரூர்க் கனகசபையின் கற்சங்கிலியைப் பார்த்து வியப்பவர் சிற்பியின் கையை வியக்கிறார். கோட்டின் முன் நிற்பவர் தம் கண்ணையே வியக்கிறார் அல்லது வெறுக்கிறார். முன்னோர் அறிந்ததே என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் சிற்பிக்கும் நியாயம் செய்ததாகாது.

நம்மவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் கே.சி.எஸ். பணிக்கரைச் சொல்வேன். 1911-இல் கோவையில் பிறந்தவர். 1966-இல் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்தவர். 1963 முதல் அவர் வரைந்த சொற்களும் குறியீடுகளுமான ஓவியங்கள் ஜாதகக் கட்டம் போலவும் கணக்கேடு போலவும் இருக்கும். எழுத்து இருக்கும், படிக்க வராது. படிக்க முயன்று தோற்று, பிறகுதான் நாம் பார்க்கத் தொடங்குகிறோம். மயக்கம் வராது, ஆனால் வீடு வந்த பின்னும் விடாது.

ஒரு வாசகர், நாமக்கல்:
150 ரூபாய் கொடுத்துத் தலைவலி வாங்கினேன். மாரியம்மன் நோம்பி ராட்டினத்தில் இதைவிடக் குறைந்த காசுக்கு இதைவிட நன்றாகத் தலைசுற்றும். இது கலையா?

இரண்டாவது அறையைப் பொறுத்தவரை உங்கள் கட்சிதான் நானும். அங்கிருந்த பன்னிரண்டு தட்டுகளில் பத்து, ராட்டினம் செய்வதற்கு மேல் எதுவும் செய்யவில்லை, இறங்கியதும் முடிந்தது. முதல் அறையின் கண்ணாடித் தகடுகளின் முன்னால் மட்டும் முன்னும் பின்னும் நடந்து, என் நடையால்தான் அலை ஓடுகிறது என்று கண்டுபிடித்த பிறகும் என்னால் நகர முடியவில்லை. அதற்கு 150 ரூபாய் தரலாம். தலைவலிக்குத் தள்ளுபடி கேட்டிருக்கலாம்.

ஓர் இளம்பெண், காங்கேயம்:
என் அமுச்சியை (பாட்டியை) அழைத்துப் போனேன். வெளிச்ச நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர், “களத்துல நெல்லுத் தூத்தறப்ப வெயிலுக்கு எதுக்க நின்னு கண்ண மூடுனா இப்புடித்தான் கண்ணு, பொறிபொறியா ஓடும்” என்றார். வாசலில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். அதில் ‘மிக நன்று, நன்று, சுமார்’ என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. அமுச்சி சொன்னதை எழுத இடமில்லை. எதில் டிக் செய்வது?

எதிலும் வேண்டாம். புர்க்கின்யே விரலை ஆட்டிக் கண்டதை உங்கள் அமுச்சி முறத்தோடு நின்று கண்டிருக்கிறார். விழும் நெல் வெயிலை வெட்டியிருக்கிறது. இதை ‘நன்று’ என்ற கட்டத்தில் அடைப்பது அநியாயம்.

2022-இல் இங்கிலாந்தில் ‘ட்ரீம்மெஷினை’ப் பலர் ஒன்றாகப் படுத்துப் பார்க்கும் பெரிய அரங்காக மாற்றி லண்டன், கார்டிஃப், பெல்ஃபாஸ்ட், எடின்பரோ நகரங்களில் வைத்தார்கள். அங்கே வெளியே வந்தவர்களிடம் வெற்றுத்தாளும் வண்ணக்கோல்களும் தந்து, கண்டதை வரையச் சொன்னார்கள். ஒரே விளக்கின் கீழ்க் கிடந்தவர்களின் தாள்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. நம் அமைப்பாளர்கள் அடுத்த முறை படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு ரீம் தாளும் சில டப்பா கிரேயானும் வாங்கிவைத்தால் செலவு அதிகமாகாது.

அதுவரை காத்திருக்க வேண்டாம். அமுச்சியிடம் ஒரு தாளும் மகன்வழிப் பேரன் வீட்டிலிருந்தாவது நாலு கலர் பென்சிலும் கொடுத்து, அந்தப் பொறிகள் எந்தப் பக்கமாக ஓடின, எந்த நிறம் என்று வரைந்து தரச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். மடிக்காமல் அனுப்புங்கள், அடுத்த இதழில் இதே பக்கத்தில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.